பறங்கியர் வீட்டுப் பிடில்

வயலின் என்றால் நமக்குச் சம்மணம். விரித்த ஜமுக்காளம், பாதத்தின் மேல் சாய்ந்திருக்கும் வாத்தியத்தின் தலை, பக்கத்தில் மிருதங்கம், நடுவில் பாடகர். மட்டக்களப்பில் இதே வாத்தியத்துக்கு இன்னொரு பிறவி உண்டு. அங்கே அது சபாவுக்குப் போவதில்லை, கலியாண வீட்டுக்குப் போகிறது. வாசிப்பவர் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நாற்காலியில் இருப்பார், இல்லாவிட்டால் நிற்பார். பக்கத்தில் கிற்றாரும் றபான் என்ற தோற்கருவியும். எதிரே சோடி சோடியாக ஆடுகிறவர்கள். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி. முதல் நாலு அடி கேட்டதும் "இது பைலாவல்லவா?" என்று உங்கள் கால் சொல்லும். பைலா என்ற இலங்கைத் துள்ளிசைக்குத் தாய் இது. பெயர் கபிரிஞ்ஞா.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் வேர்விட்ட புளூகிராஸ் இசையிலும் இப்படி ஒரு பிடில் இருக்கிறது. அதுவும் நாட்டுப்புற ஆட்டத்துக்கு வாசித்துப் பழகிய பிடில், அதுவும் காதால் மட்டுமே கற்றுக்கொண்ட வித்தை. ஆனால் அங்கே பிடில்காரருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. இசைத்தட்டும் உண்டு, நினைவுக்கல்லும் உண்டு. மட்டக்களப்புப் பிடில்காரர் விடியும் வரை வாசித்துவிட்டு, சாப்பிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அதனால் இந்தக் கட்டுரையின் நாயகர் ஒருவரல்லர். வாவிக்கரையில் ஒரு வில்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்த ஒரு சமூகமே இதன் நாயகர்.

பத்து ஆண்டுக் கோட்டை, நானூறு ஆண்டு மொழி

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தபோது இன்றைய வடிவ வயலினே பிறந்திருக்கவில்லை. அது அந்த நூற்றாண்டின் நடுவில் வட இத்தாலியில் உருவானது. ஆகவே "பறங்கி கப்பலில் கொண்டுவந்து இறக்கிய வயலின்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது கதைக்கு நன்றாக இருக்கும், வரலாற்றுக்கு ஒத்துவராது. வந்தது நரம்புக் கருவிகளை வாசிக்கும் பழக்கமும் பாட்டும் ஆட்டமும். கருவி எத்தனையோ முறை மாறியிருக்கும், பழக்கம் மாறவில்லை.

மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்துகொண்டு அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தரிடம் விழுந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை அதுதான். கணக்குப் பார்த்தால் கோட்டைக்குள் போர்த்துக்கேய ஆட்சி பத்து ஆண்டுதான். ஆனால் அவர்களுடைய மொழி ஒல்லாந்தர் காலத்தைத் தாண்டியது, 1796க்குப் பின் வந்த ஆங்கிலேயர் காலத்தையும் தாண்டியது, இன்றும் சில வீடுகளில் பேசப்படுகிறது. சிப்பாய்களும் சிற்றதிகாரிகளும் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அடுப்படியில் பேசிய மொழி பிள்ளைகளின் மொழியானது. ஒல்லாந்தர் வீடுகளிலேயே வீட்டு மொழியாக இருந்தது இந்தப் போர்த்துக்கேயக் கிரியோல்தான். ஆட்சிமொழியாக இல்லாததாலேயே அது பிழைத்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றும்.

இவர்களைத்தான் ஊர் பறங்கியர் என்கிறது. கொழும்பில் பறங்கியர் என்றால் வழக்கறிஞர், மருத்துவர், ஆங்கிலப் பத்திரிகையாளர் என்று ஒரு தோற்றம் உண்டு. மட்டக்களப்பில் அப்படியில்லை. இங்கே அவர்கள் தச்சர், கொல்லர், தையற்காரர், இயந்திரம் திருத்துபவர். கிழக்கிலங்கையில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டையே தலைப்பாகக் கொண்டது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான 1956க்குப் பிறகு கொழும்புப் பறங்கியர் பெருமளவில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். கைத்தொழிலை நம்பியிருந்த மட்டக்களப்புக் குடும்பங்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கின. பிடிலும் அவர்களோடு தங்கிவிட்டது.

பகலில் உளி, இரவில் வில் என்று வாழ்ந்தவர்களின் இசை இது. மரத்தின் குணம் தெரிந்த கை அது. வாத்தியத்தின் பாலம் சாய்ந்தாலும், ஆணி இறுகாவிட்டாலும், பலகை விட்டுப்போனாலும் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ள முடிந்த கை. கடலும் வாவியும் இருபுறமும் அடிக்கும் ஈரக்காற்றில், பசையும் நரம்பும் நிலைக்காத ஊரில், இது சின்ன விஷயமில்லை.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1970களில் இங்கே வந்து இந்தக் கிரியோலை ஆராய்ந்த மொழியியலாளர் இயன் ஸ்மித், அதன் சொற்கள் போர்த்துக்கேயமாக இருந்தாலும் வாக்கிய அமைப்பு தமிழை ஒத்திருப்பதைக் காட்டினார். வினை கடைசியில் வருகிறது. வேற்றுமையைக் காட்ட நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டு வருகிறது. அயல்வீட்டுத் தமிழோடு நானூறு ஆண்டு பேசியதன் விளைவு. பறங்கியரை இன்னும் "வந்தவர்கள்" என்று எண்ணுகிறவர்கள் இந்த இலக்கணத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தகிட, தகிட

1894இல் சி. எம். பெர்னாண்டோ என்பவர் இலங்கையின் இசை பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பறங்கியரின் பாட்டை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: நிதானமான நடையுள்ள சிகோத்தி, துள்ளலான கபிரிஞ்ஞா. பின்னதன் பெயரிலேயே ஆப்பிரிக்கா இருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் படையாட்களாகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களைக் காப்பிரி என்றார்கள். அவர்களுடைய தாளமும் ஐரோப்பிய ஆட்டமெட்டும் ஒரே முற்றத்தில் கலந்ததில் பிறந்தது கபிரிஞ்ஞா.

அதற்குச் சற்று முன்னர், ஹியூ நெவில் என்ற ஆங்கிலச் சிவில் அதிகாரி போர்த்துக்கேயக் கிரியோல் பாடல்களின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் திரட்டி வைத்தார். சிங்கள, தமிழ் ஏடுகளையும் ஓயாமல் சேர்த்த மனிதர் அவர். அவருடைய திரட்டு இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதியின் தலைப்பில் மட்டக்களப்பின் பெயர் இருக்கிறது; உள்ளே போர்த்துக்கேயப் பாடல்களோடு ஆப்பிரிக்கர் பாடல்களும் இருக்கின்றன. நாலடிப் பாட்டுகள். ஒருவர் பாட மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாடும் வழக்கமும் உண்டு. காதல், கேலி, குத்தல் எல்லாம் அதில் அடங்கும். மட்டக்களப்புத் தமிழரும் முஸ்லிம்களும் வயலிலும் வேலியோரத்திலும் பாடிய நாட்டார் கவியும் நாலடிதான், அதிலும் எதிர்ப்பாட்டு உண்டு. யார் யாரிடம் கற்றார்கள் என்று வழக்காட வேண்டியதில்லை. ஒரே வாவிக்கரையில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான்.

தாளத்தை நம் வாய்க்கணக்கில் சொன்னால் தகிட, தகிட. ஆறு சிற்றலகு, மூன்று மூன்றாக இரண்டு கட்டு. ஆனால் றபான்காரர் அதையே இரண்டு இரண்டாக மூன்று கட்டாகவும் தட்டுவார்: தக, தக, தக. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் இடுப்பு தானாக அசைகிறது. கொழும்பில் பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியான் இந்த மெட்டுகளில் சிங்களச் சொற்களை ஏற்றினார், அது நாடெங்கும் பைலாவாகப் பரவியது. ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழ்நாட்டுக் கலியாண வீடுகள்வரை போனது. அதைக் கேட்டு ஆடிய தமிழ்நாட்டு வாசகரே, உங்கள் காலுக்கும் இந்த முற்றத்தின் புழுதி ஒட்டியிருக்கிறது.

பைலா வானொலிக்குப் போனபோது வழியில் பிடிலை இறக்கிவிட்டது. மின்கிற்றாரும் பித்தளைக் குழல்களும் ஏறிக்கொண்டன. மட்டக்களப்புக் கபிரிஞ்ஞாவில் பிடில் இடத்தை விடவில்லை. பாடுகிறவருடைய மெட்டை அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு கவி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியை அதுதான் நிரப்புகிறது. பாடுகிறவர் அடி மறந்து நிற்கும் நேரத்தில் ஆட்டம் நின்றுவிடாமல் காப்பதும் அதுதான். கச்சேரி வயலின் பக்கவாத்தியம். இங்கே அது வண்டி மாடு: அது நின்றால் எல்லாம் நிற்கும்.

இரண்டுக்கும் கைப்பழக்கம் வேறு. கர்நாடக வயலினில் உயிர் இடது கையில் இருக்கிறது. விரல் நரம்பில் வழுக்கி வழுக்கித்தான் கமகம் பிறக்கிறது; வில் நீண்டு, மூச்சைப் போலப் போய்வரும். ஆட்டப் பிடிலில் உயிர் வலது கையில். வில்லைக் குறுக்கிப் போட்டு, ஒவ்வொரு மூன்றின் முதலெழுத்திலும் ஓர் அழுத்தம் கொடுக்க வேண்டும். மெட்டு தெரிந்து வாசிப்பவர்கள் பலர் கிடைப்பார்கள். ஐம்பது சோடிக் கால்களை ஒரு மணி நேரம் தளரவிடாமல் தூக்கி வைக்கும் வில்கை எளிதில் கிடைக்காது. அதற்குச் சுரம் எழுதிய தாள் உதவாது. மாமாவின் பக்கத்தில் சின்ன வயதில் உட்கார்ந்து, தூக்கம் வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கென்டக்கி மாமாவும் வாவிக்கரை மாமாவும்

மாமா என்றதும் கென்டக்கிக்குப் போக வேண்டியிருக்கிறது. புளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோ 1911இல் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தார். தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்துபோக, தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவரின் குடிசையில் வளர்ந்தார். மாமா பிடில்காரர், அண்டை ஊர்களின் ஆட்ட இரவுகளுக்கு வாசிப்பவர். பையன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். அதே ஊர்ப்பக்கத்தில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரும் இருந்தார். கிற்றாரிலும் பிடிலிலும் வல்லவர், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆட்டங்களில் அவரோடு சேர்ந்து வாசித்ததைத் தம் இசையின் ஊற்றுகளில் ஒன்றாக மன்ரோ வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தார்.

வெள்ளையரின் பிடில், ஆப்பிரிக்க வழிவந்த தாளம், கைத்தொழிலாளர், ஆட்ட இரவு, தாய்மாமன். மட்டக்களப்பின் சமையற்குறிப்பும் இதேதான். பிறகு எங்கே வழி பிரிந்தது?

நாஷ்வில் நகரத்தில் பிரிந்தது. 1925இல் அங்கே ஒரு வானொலி நிலையம் நாட்டுப்புற இசைக்கென வார இறுதி நிகழ்ச்சி தொடங்கியது. 1939இல் மன்ரோ தன் குழுவோடு அதில் சேர்ந்தார். 1950இல் மாமாவைப் பற்றியே பாடி இசைத்தட்டு வெளியிட்டார். 1932இலேயே இறந்துபோன, தன் ஊரைத் தாண்டி யாருக்கும் தெரிந்திராத ஒரு பிடில்காரர் அமெரிக்கா முழுவதும் அறிந்த பெயரானார். பின்னாளில் மன்ரோவிடம் நெடுங்காலம் பிடில் வாசித்த கெனி பேக்கர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மாமாவின் மெட்டுகளை 1972இல் ஒரு முழு இசைத்தட்டாகவே வாசித்து வெளியிட்டார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு அங்கே ஒரு வில்வாழ்க்கை கிடைத்தது; சம்பளத்துக்கு வாசித்தார், பெயரெடுத்தார், 2011இல் இறந்தபோது நாளிதழ்கள் எழுதின.

இலங்கையிலும் வானொலி இருந்தது. ஆசியாவே காதைக் கொடுத்துக் கேட்ட வானொலி. ஆனால் அதன் நிலையம் கொழும்பில். மட்டக்களப்புத் தச்சருடைய பிடிலுக்கு அது எட்டாத தூரம். தமிழ்ச்சேவைக்கு அது தமிழிசை இல்லை, சிங்களச் சேவைக்கு அது சிங்கள இசை இல்லை. இசைத்தட்டு வியாபாரிக்கோ அது விற்காத மொழி. தரத்தில் குறைவு என்று யாரும் தள்ளவில்லை, எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். என் கணிப்பில் இந்தப் பிடிலின் கதை முழுவதும் இதுதான்.

ஒரு சின்ன விலகல். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மட்டக்களப்பில் பணியாற்றிய இயேசுசபைக் குருமார் பலர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணச் சபையைச் சேர்ந்தவர்கள். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கி, 1990 ஓகஸ்டில் போருக்கு நடுவே காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளார் லூசியானாவில் பிறந்தவர். பிடிலுக்குப் பேர்போன மாநிலம் அது. உலகின் இரண்டு ஆட்டப் பிடில் மரபுகளின் ஊர்க்காரர்கள் ஒரே ஊரில் ஒரே பூசைக்கு வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் எப்போதாவது ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்களா என்று எண்ணிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

கடல் எடுத்தது, கடல் எடுக்காதது

1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. அதன்பின் போர். இரவு ஆட்டத்துக்கு ஊரடங்கு எமன். விடிய விடிய வாசிக்க வேண்டிய பிடில் மாலை ஆறு மணிக்குப் பெட்டிக்குள் போனது. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகக்கூடியவர்கள் போனார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய அடி 2004 டிசம்பர் 26. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு டச்பார். கல்லடியிலிருந்து முகத்துவாரம் நோக்கி நீளும் அந்தக் கரையில் பறங்கியர் செறிந்து வாழ்ந்தார்கள். ஆழிப்பேரலை ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் வாவிக்குள் இறங்கியது. பக்கத்துத் திருச்செந்தூரும் நாவலடியும் அப்படியே. ஏற்கெனவே சில ஆயிரமே எஞ்சியிருந்த ஒரு சமூகத்தில் அன்று போன உயிர்களை எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. காதால் மட்டுமே கடத்தப்படும் இசையில் ஒரு மூத்தவர் இறந்தால் அவர் அறிந்த மெட்டுகளும் அவரோடு போகும். தப்பியவர்களில் பலர் கரையை விட்டு உள்ளே குடியமர்த்தப்பட்டார்கள். அடுத்தடுத்த வீடுகளில் இருந்தவர்கள் வெவ்வேறு தெருக்களுக்குப் பிரிந்தார்கள். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப்போகும் மருமகன் என்ற அந்தப் பழைய பள்ளிக்கூடம் அத்தோடு ஆட்டங்கண்டது.

அலைக்குத் தப்பியதை மின்விசைப்பலகை அடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஆள், ஒரு பெட்டி, எல்லா வாத்தியமும் அதற்குள். கலியாண வீட்டுக்காரருக்குச் செலவு குறைவு. யாரையும் குறைசொல்ல முடியாது.

ஆனால் கபிரிஞ்ஞா அழியவில்லை. பறங்கியர் கலாசார ஒன்றியம் மட்டக்களப்பில் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இளையவர்கள் மேடையில் ஆடுகிறார்கள். வீட்டில் தமிழே பேசும் பிள்ளைகள்கூடக் கிரியோல் கவிகளை மனனம் செய்து பாடுகிறார்கள். மொழி வாயிலிருந்து நழுவினாலும் தாளம் காலில் நிற்கிறது. புத்தளத்தின் சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் கதையும் இதுவே. அவர்கள் பாடும் மாஞ்சாவிலும் கிரியோல் அடிகள் உயிரோடு இருக்கின்றன. ஒரு வித்தியாசம், அங்கே தாளக்கருவிகளே ஆட்சி செய்கின்றன. வில்லைக் கைவிடாதவர்கள் மட்டக்களப்பார்தான்.

இத்தனையையும் ஒலிநாடாவில் பிடித்து வைத்தவர்கள் யார்? ஸ்மித் வெளிநாட்டவர், மக்கில்வ்ரேயும் அப்படியே. கிரியோல் கவிகளைத் திரட்டி 1990இல் நூலாக்கிய கெனத் டேவிட் ஜாக்சன் அமெரிக்கப் பேராசிரியர். 1998இல் போர்த்துக்கலில் வெளியான ஓர் இசைத்தட்டு வரிசையில் இலங்கைக்கென ஒரு தட்டு ஒதுக்கப்பட்டதும் அவருடைய உழைப்பால்தான். கடந்த பத்தாண்டில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் இசையியலாளர் மகேஷ் ராதாகிருஷ்ணனும் வந்து பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் விரிவாகப் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் கல்லடிப் பாலத்துக்கு அக்கரையில் வாசிக்கும் பிடிலைக் கேட்க லிஸ்பனிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது என்பது இக்கரையில் இருக்கும் நமக்குப் பெருமையில்லை.

கல்லடியிலேயே இருக்கிறது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கர்நாடக இசையில் பட்டம் பெறலாம். நல்ல விஷயம். எந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த மனிதரையும் நினைத்துப் பாருங்கள். வழக்கொழிந்துபோன யாழைத் தேடி ஆண்டுக்கணக்காகக் கணக்குப் போட்டு, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றிய சில வாரங்களில் காலமானார். வாவியின் மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் இசையைக்கூடச் சுரமாகக் கேட்ட காது அவருடையது. மறைந்த நரம்புக் கருவிக்கு வாழ்வைக் கொடுத்தவரின் பெயரிலுள்ள நிறுவகத்தில், மறையாத நரம்புக் கருவி ஒன்றுக்கு ஒரு வகுப்பறை கிடைக்காதா?

இதற்கு முன்னுதாரணம் இங்கேயே உண்டு. கூத்தும் ஒருகாலத்தில் "படிக்காதவர் ஆட்டம்" என்று ஒதுக்கப்பட்டதுதான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தாசான்களான அண்ணாவிமாரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மேடையேற்றினார். அவர் மாணவர் சி. மௌனகுரு அதை மட்டக்களப்பிலேயே ஒரு கல்வியாக வளர்த்தார். இன்று கூத்து நம் அடையாளம் என்று மேடைதோறும் பேசுகிறோம். கூத்து அன்றும் அதே கூத்துத்தான், பார்க்கிறவர் கண்தான் மாறியது. பிடிலுக்கும் அது போதும். வயலின் படிக்கும் மாணவருக்கு ஒரு தவணை, ஒரு பறங்கி முதியவரின் பக்கத்து நாற்காலி. வர்ணமும் கீர்த்தனையும் வாசிக்கும் கை, தகிட தகிட என்று வில் வெட்டவும் பழகட்டும். சம்பளம் கொடுத்து அந்த முதியவரை ஆசிரியர் என்று அழைக்கட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மெல்பேர்னிலோ ரொறன்ரோவிலோ திருகோணமலையிலோ இருக்கும் உங்களில் யாரிடமாவது 1980களின் மட்டக்களப்புப் பறங்கிக் கலியாண ஒளிநாடாவோ ஒலிநாடாவோ இருக்கலாம். அலமாரியில் பூஞ்சணம் பிடிக்க விடாதீர்கள். கணினிக்கு மாற்றி, ஒரு பிரதியை மட்டக்களப்பிலுள்ள பறங்கியர் கலாசார ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். அதில் பிடில் வாசிப்பவரின் பெயர் தெரிந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.